காசுக் கணக்கு: 654 வெள்ளிக்கு ஓர் உலோக அட்டை

(வங்கியின் கடன்பற்று அட்டைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் பத்தியாளர், வாசகர்களின் பணக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, பொங்கோலில் கடைத்தொகுதிக்குப் போயிருந்தபோது வங்கி ஆள் ஒருவர் நிறுத்தி, கறுப்பாக ஓர் உலோக அட்டையைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கனமாக, ஜம்மென்று இருந்தது. ஆண்டுக் கட்டணம் பொருள் சேவை வரியோடு 654 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), விலக்கு கிடையாது. கட்டினால் 25,000 மைல் (விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் புள்ளிகள்). உள்ளூர்ச் செலவில் வெள்ளிக்கு 1.4 மைல், விமான நிலைய ஓய்வறைக்கு ஆண்டுக்கு நான்கு முறை அனுமதி. இப்போது என்னிடம் உள்ள பிளாஸ்டிக் அட்டை 1.2 மைல் தருகிறது, அதன் 196.20 வெள்ளிக் கட்டணத்தைப் போன் போட்டுக் கேட்டால் வருடா வருடம் விட்டுவிடுகிறார்கள். அட்டையில் மாதம் 2,000 வெள்ளி போலச் செலவாகும். வருடத்துக்கு ஒருமுறை மனைவி, இரண்டு பிள்ளைகளோடு திருச்சி போவோம். மனைவி "தண்டச் செலவு" என்கிறார். வாங்கலாமா?
— பொங்கோல் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. வீட்டில் சொல்வதுதான் சரி. இருந்தாலும் "அக்காவும் அதையே சொல்லிவிட்டார்" என்று முகம் சுளிக்காமல் இருக்கக் கணக்கைக் காட்டிவிடுகிறேன்.

654 வெள்ளிக்கு 25,000 மைல் என்றால், ஒரு மைலை இரண்டரைக் காசுக்கும் கொஞ்சம் கூடுதலாக வாங்குகிறீர்கள். எகானமி டிக்கெட்டுக்கு மாற்றிக்கொள்ள நான் மைலுக்கு ஒன்றரைக் காசுக்கு மேல் மதிப்புப் போட மாட்டேன். அந்தக் கணக்கில் 25,000 மைல் 375 வெள்ளி. அப்புறம், வெள்ளிக்கு 0.2 மைல் கூடுதலாகக் கிடைப்பது: வருடச் செலவு 24,000 வெள்ளி, கூடுதல் மைல் 4,800, அதன் மதிப்பு 72 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 447. மீதி 207 வெள்ளியை ஓய்வறைதான் ஈடுகட்ட வேண்டும்.

அந்த நான்கு முறை அனுமதி யாருக்கு என்று கேட்டீர்களா? அட்டைக்காரருக்கு மட்டும் என்றால், நீங்கள் உள்ளே போய் நூடுல்ஸ் சாப்பிடும்போது மனைவியும் பிள்ளைகளும் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். விருந்தினரையும் சேர்க்கலாம் என்றால், நால்வரும் ஒருமுறை உள்ளே போனதும் அந்த வருடக் கணக்கு தீர்ந்தது. பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் சாங்கி மூன்றாம் முனையத்தின் பட்டாம்பூச்சித் தோட்டத்தை விட்டு வரவே மாட்டார்கள். அது இலவசம்.

வங்கி ஆள் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. இணையத்தில் வாங்குவதற்கும், போனைத் தட்டிக் கட்டுவதற்கும் வெள்ளிக்கு 4 மைல் தரும் பிளாஸ்டிக் அட்டைகள் இங்கே உண்டு. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள். மாதம் 1,000 வெள்ளிக்குத் தருகிறார்கள் என்றே வையுங்கள்: வருடத்துக்கு 48,000 மைல். அதே 12,000 வெள்ளியை அந்தக் கறுப்பு அட்டையில் போட்டால் 16,800. இந்த அட்டைகளின் கட்டணத்தைப் பெரும்பாலும் கேட்டால் விட்டுக்கொடுப்பார்கள். உங்களுக்குத்தான் போன் போட்டுக் கேட்கும் பழக்கம் இருக்கிறதே!

இனி உலோகத்துக்கு வருவோம். பிளாஸ்டிக் அட்டை 5 கிராம் இருக்கும். உலோக அட்டை பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. 15, 20 கிராம் வரை வரும். எடையில் இரண்டு பவுன் சங்கிலிக்குச் சமம், அடகுக்கடையில்தான் எடுக்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் சில்லு இரண்டிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. அமெரிக்காவில் 2016இல் சேஸ் வங்கி சஃபயர் ரிசர்வ் என்ற உலோக அட்டையை அறிமுகப்படுத்தியபோது, கேட்டு வந்த கூட்டத்தில் சில நாட்களிலேயே உலோகம் தீர்ந்துவிட்டது. வங்கி தற்காலிகமாகப் பிளாஸ்டிக் அட்டையை அனுப்பியது. புள்ளிகளும் சலுகைகளும் அதே, எடைதான் குறைவு.

அதைவிட, இந்த ஊரில் அட்டையை வெளியே எடுக்கும் வேளை எத்தனை, சொல்லுங்கள். தேக்கா நிலையத்தில் பிரியாணிக்கு பேநவ், அதாவது போன்வழி நேரே வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் சேவை. பேரங்காடியில் போன். ரயிலுக்கும் போன். முஸ்தஃபா கடையில் வரிசை நகர்ந்தால் போதும் என்று நிற்பவர்கள் உங்கள் அட்டையின் நிறத்தையா பார்க்கப் போகிறார்கள்? போனுக்குள் ஏற்றிவிட்டால் எஃகும் பிளாஸ்டிக்கும் ஒன்றுதான், வெறும் படம். மற்றபடி, நான் வேலை பார்த்த காலத்தில் முகப்பு மேசையில் அட்டையை "டொக்" என்று வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தச் சத்தத்துக்கு 654 வெள்ளி கட்டுகிறவர்களை நான் தடுக்க மாட்டேன், பணம் அவர்களுடையது.

ஊருக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெளிநாட்டுப் பணத்தில் வாங்கினால் இங்குள்ள பெரும்பாலான வங்கிகள் ஏறத்தாழ 3.25 விழுக்காடு கட்டணம் பிடிக்கும். உலோகம் என்பதற்காக விட்டுவிட மாட்டார்கள். திருச்சியில் 1,000 வெள்ளிக்குப் பட்டு எடுத்தால் கட்டணம் மட்டும் 32 வெள்ளி 50 காசு. கடைக்காரர் இயந்திரத்தைக் காட்டி, "ரூபாயா, சிங்கப்பூர் டாலரா?" என்று கேட்டால் ரூபாய் என்றே சொல்லுங்கள். டாலர் என்றால் மாற்று விகிதத்தை அவர்கள் பக்கம் முடிவு செய்வார்கள், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

வருடத்துக்கு ஐந்தாறு முறை தனியாக வேலைக்காகப் பறக்கிறவர், வெளிநாட்டில் நிறைய செலவழிக்கிறவர் என்றால் என் பதில் வேறு. நீங்கள் அப்படி இல்லை.

கேள்வி: புது உலோக அட்டையை ரயில் நிலைய வாசலில் வைத்தால் சில நேரம் படிக்கவே மாட்டேன் என்கிறது. பின்னால் நிற்பவர்கள் முறைக்கிறார்கள். அட்டையில் கோளாறா?
— ஈசூன் வாசகி

பதில்: கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு, தங்கச்சி. தட்டிக் கட்டும் அட்டைக்குள் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று உண்டு, வாசிப்பானிடமிருந்து 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையில் வரும் சக்தியை அது பிடித்தால்தான் சில்லு விழிக்கும். நடுவில் உலோகம் இருந்தால் அந்த அலையை அது தின்றுவிடும். அதனால் பல அட்டைகளில் ஒரு பக்கம் உலோகம், மறு பக்கம் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் பக்கம் வாசிப்பானைப் பார்க்கும்படி, பணப்பையை விட்டு வெளியே எடுத்து, ஒரு நொடி அசையாமல் வையுங்கள்.

பொறுமை போய், ஏறும்போது அட்டை, இறங்கும்போது போன் என்று மட்டும் செய்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே கணக்கானாலும், சிம்பிளிகோ என்ற ரயில், பேருந்துக் கட்டண முறைக்கு அவை வெவ்வேறு. பயணம் முடியாததாகக் கணக்காகி, கூடுதல் கட்டணம் விழும்.

கேள்வி: ரத்து செய்த உலோக அட்டையை வெட்டப் போய்க் கத்தரிக்கோல் பல் போனதுதான் மிச்சம். எப்படித் தூக்கிப் போடுவது?
— ஜூரோங் வாசகர்

பதில்: வெட்டாதீர்கள். காகிதம் கிழிக்கும் இயந்திரத்திலும் விடாதீர்கள், அதுவும் போய்விடும். வங்கியை அழைத்து, திருப்பி அனுப்ப உறை தருவார்களா, கிளையில் கொடுக்கலாமா என்று கேளுங்கள். மைல்களை மாற்றியாயிற்றா, கணக்கு மூடியதற்கு உறுதி கிடைத்ததா என்பதை அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் குப்பைத் தொட்டித் துவாரத்தில் முழுசாகப் போடுவது ஆகாது. எண்ணும் பெயரும் அப்படியே இருக்கும்.

கேள்வி: அம்மா, எனக்கு 62 வயது, வேலையை விட்டாயிற்று. காப்பிக் கடை நண்பர் ஒருவர் உலோக அட்டை காட்டுகிறார். ஆசையாக இருக்கிறது. எனக்குக் கொடுப்பார்களா?
— அங் மோ கியோ வாசகர்

பதில்: ஆசையில் என்ன ஐயா தப்பு. 55 வயதுக்கு மேற்பட்டவருக்கு நாணய ஆணையத்தின் விதி கொஞ்சம் இளகியது: ஆண்டு வருமானம் 15,000 வெள்ளி இருக்கலாம், அல்லது கடன்போக நிகரச் சொத்து 750,000 வெள்ளிக்கு மேல் இருக்கலாம், அல்லது 30,000 வெள்ளி வருமானம் உள்ள ஒருவர் உத்தரவாதம் தரலாம். ஆனால் அது கடன்பற்று அட்டைக்கான அடிப்படைத் தகுதிதான். உலோக அட்டை தரும் வங்கிகள் பெரும்பாலும் 120,000 வெள்ளி வருமானம் கேட்கும்.

உங்கள் நண்பர் காட்டுவது கடன் அட்டைதானா என்று பாருங்கள். மாதச் சந்தாவுக்கு உலோக அட்டை தரும் நிறுவனங்கள் உண்டு. அதில் நம் பணத்தைப் போட்டுத்தான் செலவழிக்க வேண்டும், வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். மாதம் 20 வெள்ளி என்றாலும் வருடத்துக்கு 240 போகும்.

மகனோ மகளோ வைத்திருந்தால் துணை அட்டை கேட்கலாம். பில் அவர்கள் தலையில் விழும் என்பதால் உச்சவரம்பைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கும் முன் ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: சில வங்கிகள் முதன்மை அட்டையை மட்டும் உலோகத்தில் தந்து, துணை அட்டையைப் பிளாஸ்டிக்கில்தான் அனுப்பும்.