கடையில பிளாஸ்டிக் கவர் பிடிச்சு 25,000 ரூபா நோட்டீஸ் குடுத்துட்டாங்க, என்ன செய்யலாம்?

தென்காசி மாவட்டத்துல ஒரு நகராட்சியில மளிகைக்கடை வச்சிருக்கற அண்ணாச்சி ஒருத்தர் கேட்டிருக்கார். போன வாரம் நகராட்சியில இருந்து வந்து கடைக்குப் பின்னாடி ரூம்ல இருந்த 18 கிலோ கேரி பேக், கடைப் பேர் அச்சடிச்ச நான் ஓவன் பை (துணி மாதிரி இருக்கற பிளாஸ்டிக் பை) 200, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். 25,000 அபராதம்னு நோட்டீஸ், ஏழு நாள் டைம். சரக்குப் போட்ட டீலரோ, "120 மைக்ரானுக்கு மேல மத்திய அரசே அனுமதிச்சிருக்கு, நான் ஓவனும் 60 ஜிஎஸ்எம் இருந்தா ஓகே"ன்னு சொல்லித்தான் வித்தாராம் (மைக்ரான்னா கவரோட தடிமன், ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் பைத் துணி எத்தனை கிராம்ங்கற கணக்கு). பணத்தைக் கட்டிரவா, பதில் குடுக்கவா, இனிமே பருப்பை எதுல கட்டிக் குடுக்கறதுன்னு மூணு கேள்வி.

அண்ணாச்சி, முதல்ல டீலர் சொன்னதைப் பாத்துருவோம், ஏன்னா இதே வார்த்தையை நம்பி ஏமாந்த கடைக்காரங்க நிறைய பேர். அவர் சொன்னது பாதி உண்மை. மத்திய அரசோட பிளாஸ்டிக் கழிவு விதியில 2022 டிசம்பர் 31ல இருந்து கேரி பேக் 120 மைக்ரான் இருக்கணும், நான் ஓவன் 2021 செப்டம்பர் 30ல இருந்தே 60 ஜிஎஸ்எம்க்குக் குறையக்கூடாதுன்னு இருக்கறது நிஜம்தான். ஆனா நம்ம தமிழ்நாட்டுல அதுக்கு முன்னாடியே, 2018 ஜூன் 25ல போட்ட அரசாணை 84 இருக்கு, 2019 ஜனவரி 1ல இருந்து அமல். அதுல கேரி பேக்குக்கு மைக்ரான் கணக்கே கிடையாது, எவ்வளவு தடிமனா இருந்தாலும் தடைதான். நான் ஓவன் பை, பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப், தட்டு, ஸ்ட்ரா, தண்ணி பாக்கெட், சாப்பாடு கட்டற ஷீட் எல்லாமே அந்தப் பட்டியல்ல வருது. மத்திய விதியை விட மாநிலம் கடுமையா இருக்கலாமான்னு கேட்டு கப் தயாரிப்பாளர்கள் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 2023 அக்டோபர்ல பேப்பர் கப் தடை செல்லும்னு தீர்ப்பு வந்துருச்சு. நான் ஓவன் பை விஷயத்தை மட்டும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மறுபடி பரிசீலிக்கணும்னு அனுப்பினாங்க. பரிசீலிக்கச் சொன்னதுக்கும் அனுமதி குடுத்ததுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு, அரசாணையில இருந்து அந்தப் பேரை எடுக்கற வரைக்கும் அதைக் கடையில வைக்காதீங்க.

அதனால பை பிடிச்சது தப்புன்னு வாதாட வழியில்லை, அந்த ஆசையை விட்டுருங்க. ஆனா 25,000 சரியான்னு கேட்டா, அங்கதான் உங்க பக்கம் பேச விஷயம் இருக்கு.

2019ல நகராட்சிச் சட்டங்களைத் திருத்தி அபராதத்தை வகை வகையா பிரிச்சாங்க. சேமிச்சு வைக்கறது, சப்ளை பண்றது, வண்டியில கொண்டு போறது, விக்கறது, இந்த வியாபாரத்துக்கு முதல் தடவை 25,000, ரெண்டாவது 50,000, மூணாவது ஒரு லட்சம். கடையில கஸ்டமருக்குக் கவர்ல போட்டுக் குடுக்கறது தனி வகை, அதுல மால், ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட் மாதிரி பெரிய கடைக்கு 10,000, 15,000, 25,000. மளிகைக்கடை, மெடிக்கல் ஷாப் மாதிரி நடுத்தரக் கடைக்கு 1,000, 2,000, 5,000. தெருவோர சின்ன வியாபாரிக்கு 100, 200, 500. அதுக்கு மேலயும் தொடர்ந்தா லைசென்ஸ் ரத்து.

இப்ப உங்க நோட்டீஸை எடுத்துப் பாருங்க, எந்த வகையில போட்டிருக்காங்க? பின் ரூம்ல 18 கிலோ இருந்ததால "சேமிப்பு"ன்னு எழுதியிருப்பாங்க. ஒரு மளிகைக்கடையில ரெண்டு மூணு மாசத்துக்குத் தேவையான கவரை மொத்தமா வாங்கி வைக்கறது சகஜம், அதை கவர் வியாபாரியோட குடோனா பாக்கக்கூடாது, இது சொந்தக் கடை உபயோகம்தான், நடுத்தரக் கடைக்கான 1,000 ரூபா வகையில மாத்துங்கன்னு ஆணையருக்கு எழுத்துல பதில் குடுங்க. கடைப் பேர் அச்சடிச்ச பை இருக்கறது இங்க உங்களுக்கு சாதகம், ஏன்னா உங்க கடைப் பேர் போட்ட பையை வேற யார் வாங்கப் போறா? டீலர் பில், கடை லைசென்ஸ் நகல், ஒரு நாளைக்கு எவ்வளவு கவர் செலவாகுதுன்னு ஒரு கணக்கு, மூணையும் சேத்து நேர்ல குடுத்து நகல்ல சீல் போட்டு வாங்கிக்கங்க.

ஆனா நீங்க எனக்கு எழுதின கடிதத்துல கடைசியில ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, பக்கத்து டீக்கடைகளுக்கு பேப்பர் கப்பும் கவரும் பாக்கெட்டா விப்போம்னு. அது எனக்குக் கவலையா இருக்கு, ஏன்னா அது நேரா "விற்பனை". பறிமுதல் மகஜர்ல (என்னென்ன எடுத்தாங்கன்னு அவங்க எழுதின பட்டியல்) கப்பு, கவர் பாக்கெட் ஏதாவது எழுதியிருக்காங்களான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா, எடுக்காத சரக்கை வச்சு 25,000 போட முடியாது, நான் சொன்ன பதில் தாராளமா நிக்கும். இருந்துச்சுன்னா, "நாங்க விக்கவே இல்லை"ன்னு பொய் எழுதாதீங்க, பில் புக்கைப் பாத்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுரும், அப்புறம் நீங்க சொல்ற நல்ல பாயிண்டையும் யாரும் நம்ப மாட்டாங்க. அந்த நிலைமையில முதல் தடவைங்கறதைச் சொல்லி தவணை கேக்கறதுதான் நல்லது. எப்படியோ அந்த கப் வியாபாரத்தை இன்னைக்கே நிறுத்துங்க.

பேசாம கட்டிரலாம்னு தோணும். கட்டினா "சேமிப்பு" வகையில முதல் குற்றம்னு ரெக்கார்டு ஆயிரும், அடுத்த தடவை இதே வகையில பிடிச்சா 50,000ல இருந்துதான் பேச்சு ஆரம்பிக்கும், அதனாலதான் அந்த ஏழு நாளுக்குள்ள பதில் குடுங்கன்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன். பதிலைத் தள்ளுபடி பண்ணா ஐகோர்ட் மதுரை கிளையில ரிட் மனு போடலாம், ஆனா வக்கீல் செலவு, அலைச்சல் பாத்தா இந்தத் தொகைக்கு அது கடைசி வழிதான்.

இனிமே எதுல கட்டறது? கடையில நீங்களே கட்டித் தர்ற பருப்பு, சீனிக்கு பிரவுன் பேப்பர் கவர் போதும். பழைய நியூஸ்பேப்பருக்குப் போயிராதீங்க, பிளாஸ்டிக் போச்சேன்னு நிறைய கடையில வடையும் மிக்சரும் மறுபடி பேப்பர்ல கட்ட ஆரம்பிச்சுட்டாங்க, உணவுப் பாதுகாப்பு விதிப்படி சாப்பிடற பொருளை அச்சடிச்ச செய்தித்தாள்ல கட்டறது தனியா ஒரு குற்றம், அந்த மையி உடம்புக்குக் கெடுதல், பிள்ளைங்க சாப்பிடற பொருள். பால், எண்ணெய், மருந்து பேக்கிங்குக்கு அரசாணையிலயே விலக்கு இருக்கு.

சோளத்துல செஞ்ச மக்கும் கவர்னு விக்கறாங்களே, அதுக்கும் விலக்கு உண்டு, ஆனா ஐஎஸ் 17088ங்கற இந்தியத் தர நிர்ணயப்படி இருக்கணும், தயாரிப்பாளர் கையில மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட சர்டிபிகேட் இருக்கணும், பையிலயே கம்போஸ்டபிள்னும் தயாரிப்பாளர் பேரும் சர்டிபிகேட் நம்பரும் அச்சாகியிருக்கணும். "பயோ டீகிரேடபிள்"னு பச்சை இலை படம் மட்டும் போட்டிருந்தா நம்பாதீங்க. சர்டிபிகேட் நகலை வாங்கி, பில்லுல "கம்போஸ்டபிள் கேரி பேக்"னு எழுத வச்சு, ரெண்டையும் கல்லாப்பெட்டியிலயே வச்சுக்கங்க, செக்கிங் வந்தா வாயால சொல்றது செல்லாது. எழுதித் தர மாட்டேன்னு சொல்ற டீலர்கிட்ட சரக்கு எடுக்கவே வேண்டாம்.

துணிப்பைக்குக் காசு வாங்கலாம், ஆனா பில் போட்டதுக்கப்புறம் "பைக்கு பத்து ரூபா"ன்னு சொல்லக்கூடாது. முன்னாடியே சொல்லாம பைக்குக் காசு வாங்கறது முறையற்ற வணிகம்னு 2020 டிசம்பர்ல தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் வழக்குல சொல்லியிருக்கு. வாசல்லயே விலையோட போர்டு வச்சிருங்க. நம்ம ஊர்ல மஞ்சப்பையும் எண்ணெய்க்குத் தூக்குவாளியும் கொண்டு வந்த ஆளுங்க இன்னும் இருக்காங்க, பை கொண்டு வர்றவங்களுக்கு ஒரு ரூபா குறைச்சுப் பாருங்க, ரெண்டு மாசத்துல பழகிருவாங்க. மழை பெஞ்சா குளத்து மடையில அடைச்சுக்கிட்டு நிக்கறது நம்ம கடையில இருந்து போன கவர்தான்ங்கறது உங்களுக்கே தெரியும்.

மகஜர் நகல் குடுக்கலைன்னா, பதில் கடிதத்துல முதல் வரியிலயே அதைக் கேளுங்க. நோட்டீஸ் வாங்கின தேதியில இருந்து நாள் எண்ணிக்கங்க, ஞாயித்துக்கிழமையும் சேரும்.