பாம்படத்தில் பாம்பு எங்கே?

கேள்வி: எங்கள் ஆச்சி காதில் போட்டிருந்த பாம்படம் ஒரு ஜோடி பீரோவில் கிடக்கிறது. பேர்தான் பாம்படம், பாம்பையே காணோம்! பாம்பு நகை வீட்டுக்கு ஆகாது, அழித்து வளையல் பண்ணிவிடு என்று நாத்தனார் நச்சரிக்கிறார். என்ன செய்ய?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முதலில் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சதுரக் கட்டை, உருண்டை, தட்டு என்று ஏதோ ஜியோமெட்ரி பாடம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணும் கிடையாது, நாக்கும் கிடையாது. பாம்பு படமெடுத்து நிற்பதைத்தான் ஆசாரி அப்படிச் சுருக்கிவிட்டார். பாம்பின் படம், அதனால் பாம்படம். உங்களுக்குப் பக்கத்திலேயே திருவொற்றியூரில், வாசுகிப் பாம்பைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதால் ஈசனுக்குப் படம்பக்கநாதர் என்றே பேர். வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருக்கும் அந்தப் புற்று லிங்கத்தைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் கவசமில்லாமல் பார்க்க ஊரே வரிசையில் நிற்கிறது, இதில் பாம்பு ஆகாதாம்! கல்யாணத்தில் பெண்ணின் பின்னலில் ஜடைநாகம் வைத்தபோது உங்கள் நாத்தனார் பந்தலை விட்டு எழுந்து போய்விட்டாரா என்ன?

வெளியூர்க்காரர்களும் நம்மைப் போலத்தான். எகிப்து ராஜா துட்டன்காமூனின் தங்க முகமூடி 10 கிலோவுக்கு மேல், அதன் நெற்றியில் கழுகுக்குப் பக்கத்தில் படமெடுத்த நாகம். ராஜாவின் எதிரி மேல் அது நெருப்பைக் கக்கும் என்று நம்பினார்கள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பல் மூடிய இத்தாலியின் பொம்பேய் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டோடு தங்கப் பாம்புக் காப்பு ஒன்று கிடைத்தது. உள்பக்கம் 'எஜமானன் தன் அடிமைப் பெண்ணுக்கு' என்று பொறித்திருக்கிறது. அன்பா, விலங்கா, நீங்களே சொல்லுங்கள்.

சரி, அழிக்கிற விஷயத்துக்கு வருவோம். பாம்படம் முழுத் தங்கம் இல்லை, மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. எங்கள் அத்தை தன் ஜோடியை நகைக்கடையில் கொடுத்தபோது தராசில் காட்டிய எடை ஒன்று, உருக்கி அரக்கெல்லாம் புகையாகப் போனபிறகு மிஞ்சியது வேறு. கடைக்காரர் மேல் தப்பில்லை, ஆனால் அத்தை இன்றைக்கும் அதைச் சொல்லிப் புலம்புகிறார். கனமான குணுக்கைத் தொங்கவிட்டுக் காது வளர்த்து, தோளில் இடிக்க இடிக்க ஆச்சி போட்டிருந்த சாமான் அது, ரெண்டு மெல்லிசு வளையலுக்காகவா? பேசாமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அழுக்கெடுக்கிறேன் என்று சுடுதண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அரக்கு இளகிவிடும்.