ராமநாதபுரம் கடலோரத்துக்குக் குடிவந்த பிறகு ஷேவிங் சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. சோப்பு போலியா, பிரஷ் சரியில்லையா?

சோப்பும் போலி இல்லை, பிரஷிலும் குற்றம் இல்லை. தண்ணீர்தான். மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம் என்று இந்தக் கரையில் எங்கோ வாடகை வீட்டில் இருக்கிறீர்கள், குளியலறைக் குழாயில் வருவது போர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். குளியல் சோப்பு ஓரளவு நுரைக்கிறது, இது மட்டும் நுரைக்கவில்லை என்பதால் சந்தேகம் வந்திருக்கும்.

ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக், பால்மிடிக் அமிலங்கள்தான் தூக்கலாக இருக்கும். நுரை பொடியாக, அடர்த்தியாக முகத்தில் நின்று பிடிக்க அவைதான் வேண்டும். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் (தண்ணீரின் கடினத்தன்மை என்பது இவைதான்) அவற்றைப் பிடித்துக்கொண்டு கரையாத வெள்ளைத் திப்பியாக்கிவிடும். வாளி விளிம்பில் பிசுபிசுவென்று படிகிறதே, அதேதான். போதாததற்கு உப்பும் சோப்பைக் கரையவிடாது. தேங்காய் எண்ணெய் சோப்பு உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். "அதையே போட்டுச் சிரைத்துவிட்டுப் போகலாமே" என்று யாராவது சொல்வார்கள். அதன் குமிழ் பெரிது, தாடைக்கு பிளேடு வருவதற்குள் அடங்கிவிடும்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு பாட்டிலில் பாதிக்குக் குழாய்த் தண்ணீர், மிளகளவு சோப்புச் சீவல் போட்டு மூடிக் குலுக்குங்கள். இன்னொன்றில் நல்ல தண்ணீர் ஊற்றி அதே மாதிரி செய்யுங்கள். நல்ல தண்ணீரில் நுரை மேலே நிற்கும். மற்றதில் தண்ணீர் வெளிறிக் கலங்கி, துணுக்குகள் மிதக்கும்.

தீர்வு ஒரு டம்ளர் நல்ல தண்ணீர். 150 மில்லி போதும். காவிரித் தண்ணீர், பிடித்துவைத்த மழைத்தண்ணீர், ஆர்.ஓ. கேன் தண்ணீர், எதுவும் ஆகும். குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில் சவரத்துக்குக் குடிதண்ணீரா என்று வீட்டில் ஏச்சு விழும். நியாயமான ஏச்சுதான், அதனால்தான் அளவு சொல்கிறேன். முகம் கழுவவும் ரேசரை அலசவும் குழாய்த் தண்ணீரே போதும். ஆனால் கழுவிய முகத்தில் தங்குகிற உப்புத் தண்ணீரும் நுரையை உடைக்கும். கையை டம்ளரில் நனைத்து முகத்தை ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் பிரஷை வைக்க வேண்டும். இரண்டாம் தடவை நுரை போடும்போதும் அப்படியே.

காய்ச்சினால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை மட்டும் அடியில் படியும். குளோரைடும் சல்பேட்டும் அப்படியே இருக்கும், தண்ணீர் சுண்டச் சுண்ட உப்புதான் ஏறும். கலங்கல் தெளியப் படிகாரம் கலக்கிய தண்ணீரும் வேண்டாம். அது சோப்பை இன்னும் மோசமாகத் திரிக்கும். படிகாரக் கட்டி சிரைத்து முடித்த பிறகு தேய்க்க.

பன்றிமுடி பிரஷ் என்றால் முடி மட்டும் முங்கும்படி மூன்று நிமிடம் ஊறட்டும். செயற்கை இழைக்கு நனைத்தாலே போதும். எடுத்து இரண்டு உதறு உதறுங்கள், சொட்டக்கூடாது. பலரும் தவறுவது இங்கேதான், தண்ணீர் சொட்டச் சொட்ட சோப்பில் தேய்த்தால் வெறும் குமிழிதான் கிளம்பும். அழுத்தாமல் வட்டமாக 30 விநாடி தேய்க்கலாம். தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் 45 ஆக்குங்கள், ஏனென்றால் முதலில் ஏறும் சோப்பு கால்சியத்துக்கே போய்விடும். முடி நுனி ஒன்றோடொன்று ஒட்டி, கெட்டியான பசை தெரிந்தால் ஏற்றியது போதும். ட்யூப் கிரீம் என்றால் ஒன்றரை சென்டிமீட்டர்.

பிறகு கிண்ணத்தில் அரை தேக்கரண்டி தண்ணீர் விட்டு அரை நிமிடம் சுழற்றுங்கள். மறுபடி அரை. மூன்று நான்கு முறை இப்படி. பளபளப்பு வந்து, பிரஷைத் தூக்கினால் கெட்டித் தயிர் மாதிரி நுனி வளைந்து நிற்க வேண்டும். மங்கலாகக் கோடு கோடாக முகத்தில் இழுத்தால் தண்ணீர் பற்றவில்லை. கண்ணுக்குக் குமிழி தெரிந்து கழுத்தில் வழிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. பிரஷை உதறிவிட்டு மறுபடி பத்து விநாடி சோப்பில் தேய்க்கலாம். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் சன்னலைத் திறந்துவைத்தால் நுரை காய்ந்து பொருக்குத் தட்டும். அப்போது ஒரு கன்னத்துக்கு மட்டும் போட்டு, அதை முடித்துவிட்டு அடுத்தது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீடு காட்டும்போது "தண்ணி வசதி உண்டு" என்பார்கள், என்ன தண்ணீர் என்று வாயே திறக்க மாட்டார்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. போர் போட்டவர் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்து அந்தத் தாளைக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? கேட்டால் "எல்லாரும் இதுலதானே குளிக்கிறாங்க". அட்வான்ஸ் வாங்கும்போது மட்டும் கணக்கு சுத்தமாக இருக்கும்.

டம்ளரில் மிச்சமிருப்பதைக் கீழே ஊற்றாதீர்கள். பிரஷை அதில் அலசுங்கள், கடைசி வாய் ரேசருக்கு. உப்புத் தண்ணீரோடு வைத்தால் பூச்சு புள்ளி புள்ளியாகப் பெயரும். பிரஷ் அடியில் ஏற்கெனவே வெள்ளை படிந்திருந்தால் ஒரு பங்கு வினிகருக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து ஐந்து நிமிடம் ஊறவைத்து அலசி, குளியலறைக்கு வெளியே காயவையுங்கள்.