திறமை இருந்தும் அணியில் இடம் தரவில்லை. விளையாட்டிலும் வாழ்க்கையிலும் நல்ல மனப்பாங்கு அவ்வளவு முக்கியமா?

உங்களை எங்கோ வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள், அந்தக் கோபத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி உட்கார்ந்தவன். அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

2012 மாசி மாதம், மாங்குளத்துக்கு அருகே ஒரு கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி. அறுவடைக் காலம் என்பதால் எங்கள் ஊரிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏழு பேர்தான் போனோம். எங்கள் ஊரில் என்னைப் போலப் பந்தை அடிக்க ஆளில்லை. இது பெருமைப் பேச்சில்லை, ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இரண்டு கிழமை நான் பயிற்சிக்குப் போகவில்லை. பயிற்றுவித்த அண்ணை என்னை விட்டுவிட்டு, தரம் பத்தில் படித்த ஒரு பையனை இறக்கினார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கச்சான் விற்ற அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டேன்.

கடைசிச் சுற்றில் 11-9 என்று நாங்கள் முன்னிலை. வலையருகே துள்ளிய அந்தப் பையன் எதிரணிக்காரரின் பாதத்தின் மேல் இறங்கிவிட்டான். கணுக்கால் பிசகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. ஐஸ்பழ வண்டிக்காரர் துணியில் ஐஸைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். ஆறு பேர் இல்லாவிட்டால் அந்தச் சுற்றே எதிரணிக்குப் போய்விடும், அதுதான் விதி. அண்ணை என் பக்கம் திரும்பி, "வா" என்றார்.

"எனக்கும் கால் நோகிறது" என்றேன். நோகவில்லை.

பையன் எழுந்தான். வீங்கிய காலில் சப்பாத்து ஏறவில்லை. அதை எறிந்துவிட்டு, ஒரு கால் வெறுங்காலாகப் பின்வரிசை மூலையில் போய் நின்றான். எதிரணி அந்த மூலைக்கே பந்தை அனுப்பியது. 15-12, தோற்றோம்.

என்னை யாரும் ஏசவில்லை. அண்ணை எல்லோருக்கும் பிளேன்டீயும் பணிஸும் வாங்கிக் கொடுத்தார், எனக்கும்தான். பெட்டியில் இடம் போதாததால் பையனின் காலைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். ஏ9 வீதியை விட்டு எங்கள் கிரவல் வீதியில் இறங்கிய பின், ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தக் கால் என் கைக்குள் துடித்தது. அன்று மைதானத்தில் கூடுதல் திறமை என்னிடம்தான் இருந்தது. அதனால் ஒருவருக்கும் ஒரு பயனும் இல்லை.

உயரம் பாய்தல் வீரர் எதிர்வீரசிங்கத்தைப் பற்றி அண்ணை அடிக்கடி சொல்வார். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ன் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் பதக்கமில்லாமல் திரும்பியவர், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து அவ்விழாவில் இலங்கைக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார். எனக்கு அந்த 2.03 மட்டும்தான் காதில் விழுந்தது. இடையில் கழிந்த ஆறு வருடங்களைத்தான் அண்ணை சொல்லியிருக்கிறார்.

மனதைத் திருத்தினால் வறுமை தீரும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போர் முடிந்து மீள்குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்த நாட்களில் எங்களைக் கூப்பிட்டு நேர்ச்சிந்தனைப் பயிற்சிப்பட்டறை நடத்தினார்கள். நாங்கள் கேட்டது ஒரு பந்தும் ஒரு வலையும். அவை வரவே இல்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது மாலையில் நான் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். சாதாரணதரப் பரீட்சை என்றதும் பெற்றோர் ஒன்றரை வருடத்துக்கு முன்பே பிள்ளையை மறித்துவிடுகிறார்கள். போன மாதம் மட்டும் மூன்று பெண்பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஒரு மணி நேரம் விளையாடினால் கணக்கு மறந்துவிடுமா?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆம், முக்கியம்தான். வெளியே இருக்கும்போதும் சப்பாத்தைக் கழற்றாமல் இருங்கள்.

அந்தப் பையன் இப்போது வவுனியாவில் வேலை செய்கிறான். வருடந்தோறும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவான், என்னைத் தேடி வந்து கதைப்பான். அன்று எனக்குக் கால் நோகவில்லை என்பதை இன்னும் அவனிடம் நான் சொல்லவில்லை.