வைரஸா, புழுவா, குதிரையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கம்ப்யூட்டரில் எது வந்தாலும் வைரஸ் என்கிறோம். வார்ம், ட்ரோஜன், மால்வேர் என்றும் சொல்கிறார்களே, எல்லாம் ஒன்றுதானா?

கெடுதல் செய்ய எழுதிய மென்பொருள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் மால்வேர். மற்ற மூன்றும் அது எந்த வழியாக உள்ளே வந்தது என்பதைச் சொல்லும் பெயர்கள்.

வைரஸ் இன்னொரு ஃபைலிலோ டிஸ்கிலோ ஒட்டிக்கொண்டு வரும். 1986-ல் லாகூரில் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்', ஃபிளாப்பி டிஸ்கின் பூட் செக்டரில், அதாவது கணினி ஆன் ஆகும்போது முதலில் படிக்கும் பகுதியில், குடியேறியது. அதற்குள்ளேயே தங்கள் விலாசத்தையும் போன் நம்பரையும் போட்டு வைத்திருந்தார்கள்! இன்றைக்கு எந்தத் திருடன் விசிட்டிங் கார்டு வைத்துவிட்டுப் போகிறான்?

வார்ம், அதாவது புழு, ஒட்டிக்கொள்ள ஃபைலைத் தேடாது. நெட்வொர்க்கில் ஓட்டை கிடைத்தால் தானே ஊர்ந்து அடுத்த கணினிக்குப் போய்விடும். 1988 நவம்பரில் அமெரிக்க மாணவர் ராபர்ட் மோரிஸ் விட்ட புழு எதையும் அழிக்க எழுதப்பட்டதல்ல. ஆனால் ஏற்கெனவே புகுந்த கணினியிலும் ஏழில் ஒரு தடவை மறுபடி புகும்படி அதை எழுதியிருந்தார். நகல்கள் பெருகி கணினிகள் மூச்சுத் திணறிப்போயின.

ட்ரோஜன், அதாவது கிரேக்கக் கதையில் வீரர்களை வயிற்றில் ஒளித்துக்கொண்டு ஊருக்குள் வந்த மரக்குதிரை, தானாகப் பரவாது. நல்ல பிள்ளை வேஷத்தில் வாசலில் நிற்கும், நாம்தான் கதவைத் திறந்துவிடுவோம். என்னைக் கேட்டால் நாம் இன்று அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். அடுத்த கேள்வியே சாட்சி.

கேள்வி: தெரிந்தவர் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. தொட்டதும் இன்ஸ்டால் என்று கேட்டது, ஓகே கொடுத்துவிட்டேன். பத்திரிகை திறக்கவே இல்லை. போனில் வங்கி ஆப் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கட்டும். வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு கணக்கை முடக்கச் சொல்லுங்கள். நம்பரை டெபிட் கார்டின் பின்பக்கம் பாருங்கள், கூகுளில் தேடாதீர்கள். அங்கே போலி நம்பர்களும் உண்டு. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் புகார் சொல்லுங்கள்.

சரி, நடந்தது என்ன? வந்தது ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு ஆப். இந்த வகை ஆப் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கி, வரும் ஓடிபியை உங்களுக்குத் தெரியாமல் வெளியே அனுப்பிவிடும். அனுப்பியவரைத் திட்டாதீர்கள், அவர் போனும் இப்படித்தான் பறிபோயிருக்கும். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். இன்ஸ்டால் பண்ணச் சொல்லும் பத்திரிகை உலகத்திலேயே கிடையாது.

தந்திரம் பழசு. 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' என்று ஒரு மெயில் உலகத்தையே சுற்றியது. அதிலிருந்த ஃபைல் பெயரில், வெறும் எழுத்து ஃபைலுக்கு வரும் டிஎக்ஸ்டி என்பது தெரியும். கடைசியிலிருந்த விபிஎஸ் என்பதை, அதாவது இது புரோகிராம் என்று காட்டும் எழுத்துகளை, விண்டோஸ் மறைத்துவிடும். கடிதம் என்று நினைத்துத் திறந்தவர்கள் புரோகிராமை ஓட்டினார்கள். அன்று காதல் கடிதம், இன்று கல்யாணப் பத்திரிகை.

அப்புறம், போட்டோக்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் மாதிரி ஆக்குங்கள். பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து வந்த பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது. ஃபைல்கள் போய்விட்டனவா?

பெரும்பாலும் போயிருக்காது, ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த ஷார்ட்கட்டைத் தொடாதீர்கள், தொட்டால் உங்கள் கணினிக்கும் வந்துவிடும். முதலில் ஆன்டிவைரஸால் ஸ்கேன் செய்து, பிறகு ஒளிந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை மெயிலில் அனுப்பி பிரின்ட் எடுங்கள்.

கேள்வி: கடைக் கணினியில் கணக்கு ஃபைல்கள் எல்லாம் பூட்டிக்கொண்டன. திறந்துவிட பிட்காயின் என்ற டிஜிட்டல் பணம் கேட்கிறான். கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். பணம் வாங்கியவன் சாவி தருவான் என்பதற்கு ஜாமீன் யார்? நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்குச் சாவி இலவசமாகவே கிடைக்கிறது, உங்களுடையது அதில் இருக்கிறதா பாருங்கள்.

2017 மே 12-ல், இதேபோல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் 'வானாக்ரை' என்ற மால்வேர் பிரிட்டன் மருத்துவமனைகளையே முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். 'ரிமைண்ட் மீ லேட்டர்' அழுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

கேள்வி: காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா?

வீட்டுக் கணினிக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும். கிராக் செய்த சாஃப்ட்வேர் போடுவதற்காக அதை அணைக்காமல் இருந்தால் சரி.