ஃபேக் ஐடியில் எழுதலாமா? சைபர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரின் பதில்கள்

வைகைக்கரையான்: சார், அரசைத் திட்டி முகநூலில் எழுதினால் 66ஏ பிரிவில் பிடிப்பார்களாமே?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் சிறை என்று சொன்ன அந்தப் பிரிவு செத்துவிட்டது. 2012-ல் சிவசேனா தலைவர் பால் தாக்கரே மறைவுக்காக மும்பை முடங்கியதைப் பற்றி, மகாராஷ்டிராவின் பால்கரில் ஒரு பெண் முகநூலில் எழுதினார், தோழி லைக் போட்டார். இருவரும் கைதானார்கள். அதைக் கண்டு ஸ்ரேயா சிங்கால் என்ற மாணவி தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏ-வை மொத்தமாக ரத்து செய்தது. அப்புறமும் சில காவல் நிலையங்கள் அதில் வழக்குப் போட்டன. எஃப்ஐஆரில் அந்த எண் இருந்தால் உடனே உயர் நீதிமன்றம் போங்கள்.

தென்றல்: எங்கிருந்து இணையத்துக்கு வருகிறோம் என்பதை மறைக்கும் விபிஎன் போட்டால், எழுதியது யாரென்று கண்டுபிடிக்க முடியாதுதானே?

முடியும். வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், ஐபி முகவரியை (இணைய இணைப்பின் அடையாள எண்) விபிஎன் நிறுவனங்கள் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. சில வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. எதுவானாலும், சொந்த நம்பரில் தொடங்கிய கணக்கு ரகசியக் கணக்கு அல்ல.

செல்வன்: அண்ணா, பெயரை மறைக்கிறவன்தான் பெண்களை அசிங்கமாகத் திட்டுகிறான். ஆதாரைக் கட்டாயமாக்கினால் அடங்குவான்.

தம்பி, தென்கொரியா இதைச் செய்து பார்த்தது. 2007 முதல் பெரிய தளங்களில் கருத்து எழுத அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றது. 2011-ல் நேட், சைவேர்ல்ட் தளங்களை ஹேக் செய்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்களைத் திருடினார்கள். 2012-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் சொன்னது.

செல்வன்: கொரியா கதை வேண்டாம். என் தங்கைக்கு நடந்தது.

நடந்தது கொடுமை. லிங்க்கையும் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்து இன்றே சைபர் கிரைமில் புகார் கொடுங்கள். நிறுவனத்திடம் ஐபி விவரம் கேட்டு வாங்கப் போலீசுக்கு இப்போதே சட்டத்தில் வழி இருக்கிறது. அவர்கள் கேட்காமல் விடுவதுதான் குறை, அதற்காகச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் மணல் கொள்ளையைப் பற்றி எழுதும் கிராம ஊழியரையும், புருஷன் அடிப்பதைப் பற்றி எழுதும் பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். எல்லோர் பெயரும் ஓரிடத்தில் இருந்தால் முதலில் மாட்டுவது இவர்கள்தான். உங்கள் தங்கையே நடந்ததை எழுத நினைத்தால், சொந்தப் பெயரில் எழுதச் சொல்வீர்களா?

குமரி: விபிஎன் இலவசமாகக் கிடைப்பது பாதுகாப்பா?

தென்றலுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ரயில்பயணி: மனைவி என் வாட்ஸ்அப்பைப் பார்க்கிறாள், வழக்குப் போடலாமா?

குடும்ப நல வழக்கறிஞரைப் பாருங்கள்.

நெய்தல்: எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் நான் போட்ட பதிவை இந்தியாவில் முடக்கிவிட்டார்கள். காரணமே சொல்லவில்லை.

அதே சட்டத்தில், இணையப் பதிவுகளை முடக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ பிரிவாக இருக்கலாம். அதற்கான 2009 விதிகளில் 16-வது விதி இந்த உத்தரவுகளை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. நோட்டீஸ் பெரும்பாலும் நிறுவனத்துக்குப் போகும், எழுதியவருக்கு வராது. ஆனால் எழுதியவர் யாரென்று தெரிந்தால் அவரையும் கேட்க வேண்டும் என்பதே 66ஏ தீர்ப்பின் கருத்து. நிறுவனம் அனுப்பிய மெயிலை அழிக்காதீர்கள். ரிட் மனுவுக்கு முதல் ஆவணம் அதுதான்.

அரும்பு: சார், விபிஎன்...

மேலே இருக்கிறது அம்மா. சொந்த நம்பர் வேண்டாம்.