கார்டியாக் அரெஸ்ட்டுக்குப் பின் உடலைக் குளிர்விப்பது: கேள்வி பதில்

கேள்வி: இதயம் நின்று மீண்ட அப்பாவை ஐசியூவில் குளிரவைத்திருக்கிறார்கள். தொட்டால் ஜில்லென்று இருக்கிறார். பயமாக இருக்கிறது, எதற்காக இது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. துடிப்பு திரும்பிய பிறகும் மூளைச் செல்கள் பல மணி நேரம் பாதிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் இறங்கினால் மூளையின் ஆக்சிஜன் தேவை சுமார் 6 முதல் 7 சதவீதம் குறையும். அதற்காகத்தான் இந்தக் குளிர். அது மட்டும் நிலைமை மோசமாவதன் அறிகுறி அல்ல.

கேள்வி: நான் நர்ஸ். எங்களிடம் குளிர்விக்கும் மெஷின் கிடையாது. ஐஸ் பேக் வைத்தால் போதுமா?

பதில்: குளிர்விக்கப் போதும். 2002இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில் ஐஸ் பேக்குகளைத்தான் பயன்படுத்தினார்கள். துணியில் சுற்றி கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். பெரிய ரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகில் ஓடும் இடங்கள் அவை. அடிக்கடி எடுத்துத் தோலைப் பாருங்கள். சிக்கல் என்னவென்றால், ஐஸை எடுத்த பிறகும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே போகும். இலக்கை எட்டுவதற்குச் சற்று முன்பே எடுத்துவிடுங்கள். அக்குள் தெர்மாமீட்டரை நம்ப வேண்டாம், உணவுக்குழாய்க்குள் வைக்கும் வெப்பநிலை உணர்கருவி (புரோப்) நல்லது. சிறுநீர் குறைவாக இருந்தால் சிறுநீர்ப்பை புரோப்பும் தடுமாறும்.

கேள்வி: உடலில் ஒட்டும் பேடுகளுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஓடவிடும் ஜெல் பேட் மெஷின் இருக்கிறது, ஆனாலும் வெப்பநிலை இறங்க மாட்டேன் என்கிறது. பழுதா?

பதில்: முதலில் நோயாளியின் தாடையில் கை வைத்துப் பாருங்கள். மெல்லிய அதிர்வு தெரிந்தால் அது நடுக்கம். ஈசிஜி கோட்டிலும் அந்த அதிர்வு தெரியும். மெஷின் தண்ணீரை மேலும் மேலும் குளிராக்கிக்கொண்டே போனால், உள்ளே உடல் சூட்டை உற்பத்தி செய்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் நாம் மிச்சம் பிடித்த ஆக்சிஜனை நடுக்கம் தின்றுவிடும். கை, கால், முகத்தை வெதுவெதுப்பாக வைத்தாலே பலருக்கு அடங்கும். அப்புறம் பாராசிட்டமால், மெக்னீசியம், மயக்க மருந்து. தசைகளைத் தளர்த்தும் மருந்து கடைசி வழி. அதைக் கொடுத்தால் வலிப்பு வந்தாலும் வெளியே தெரியாது, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி வேண்டும்.

கேள்வி: முன்பு போல 33 டிகிரி வரை குளிர்விப்பது இன்னும் தேவையா?

பதில்: 2021இல் 1,800க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 33 டிகிரிக்குக் குளிர்வித்தவர்களுக்கும் காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொண்டவர்களுக்கும் ஆறு மாத உயிரிழப்பில் வித்தியாசம் இல்லை. அதனால் பல இடங்களில் இப்போது 37.5ஐத் தாண்டவிடாமல் காப்பதே இலக்கு. சரி, பேடுகளைத் தூக்கி ஓரம் வைத்துவிடலாமா? கூடாது. அந்த 37.5ஐக் காக்கவும் அவை அடிக்கடி தேவைப்படும்.

கேள்வி: மீண்டும் சூடாக்குவது எப்படி?

பதில்: மெதுவாக, மணிக்கு 0.25 முதல் 0.5 டிகிரி வரை. குளிரில் செல்களுக்குள் போன பொட்டாசியம் அப்போது ரத்தத்துக்குத் திரும்பும். ஆகவே சூடாக்கத் தொடங்கும் முன்பே பொட்டாசியம் டிரிப்பை நிறுத்த வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.